திங்கட்கிழமைச் சினை நண்டுகள்

கரையிலே, நண்டு நிறுத்து வாங்குகிற வாடிக் கொட்டிலுக்குள் மேர்சி எங்கே நிற்கிறாள் என்று யாரும் தேட வேண்டியதில்லை. தராசுக்கும் ஐஸ் பெட்டிக்கும் நடுவில், முழங்கால் வரை றப்பர் சப்பாத்து, தலையில் ஒரு பழைய துவாய். கழுத்திலே கிடக்கிற செபமாலையை, நண்டின் கால் மாட்டிவிடும் என்று சட்டைக்குள் தள்ளி விட்டிருப்பாள். விடிய ஆறு மணிக்கு முதல் வள்ளம் கரை தட்டும்போது அங்கே நிற்பாள். பதினொரு வள்ளமும் வந்து, கொம்பனியின் கூலர் லொறி நண்டை ஏற்றிக்கொண்டு போன பிறகுதான் வீட்டுக்குத் திரும்புவாள்.

அவளுக்கு வயது நாற்பத்தெட்டு. படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆறாம் வகுப்புக்குப் போக வேண்டிய வருசம் குடும்பத்தோடு ஊரை விட்டுப் போக வேண்டி வந்தது. திரும்பி வந்தபோது பள்ளிக்கூடத்தை விட வீட்டுக்குத்தான் அவள் தேவைப்பட்டாள். அதை அவள் குறையாய்ச் சொன்னதில்லை. எழுதத் தெரியும், கூட்டத் தெரியும், செபப் புத்தகம் வாசிக்கத் தெரியும். ஆண்டவர் இவ்வளவும் தந்தது போதும் என்பாள்.

வாடிக்கு வர முதல் பன்னிரண்டு வருசம் கொம்பனிக்குள்ளே நண்டுச் சதை எடுக்கிற வேலை செய்தாள். வெள்ளை அங்கியும் தொப்பியும் போட்டு, குளிர் அறையில் நீட்டு மேசைக்கு முன்னால் நின்று, அவித்த நண்டின் கோதை உடைத்துச் சதையை உடையாமல் எடுக்க வேண்டும். நண்டுத் தண்ணி பட்டுப் பட்டு விரல் எல்லாம் வெடித்துப் போனது. மருந்து பூசியும் ஆறவில்லை. கடைசியில், "மேர்சி, நீ கரைக்குப் போ, உனக்கு நண்டைத் தெரியும்" என்று மேற்பார்வை அம்மா அனுப்பி விட்டா.

நண்டைத் தெரியும் என்றது உண்மை. ஒரு நண்டைக் கையில் எடுத்தால், அது இரவு வலையில் பட்டதா, விடியப் பட்டதா, எப்போது செத்தது என்று சொல்லுவாள். வலையிலே செத்துக் கிடந்த நண்டின் சதை கோதோடு ஒட்டிக்கொண்டு மாவாய் வரும். உயிரோடு வந்த நண்டின் சதை பஞ்சு மாதிரித் தானே கழன்று வரும். செத்ததை அவள் எடுக்க மாட்டாள். புருசனுடைய கூடையில் கிடந்தாலும் எடுக்க மாட்டாள். அவளுடைய புருசன் செபநாயகமும் அந்தப் பதினொரு வள்ளக்காரரில் ஒருவர்தான்.

இந்த நண்டு உள்ளூர்ச் சட்டிக்குப் போகிறதில்லை. சதையாகி, தகர ரின்னில் அடைபட்டு, கடல் தாண்டிப் போகும். அங்கே வாங்குகிற சனம் இப்போது ருசியை மட்டும் பார்க்கிறதில்லையாம். எந்தக் கடல், என்ன வலை, குஞ்சு நண்டைப் பிடித்தார்களா, சினை நண்டை என்ன செய்தார்கள் என்றும் கேட்கிறார்களாம். அதனால் கொம்பனி கரைக்கு இரண்டு சட்டம் தந்தது. அளவுப் பலகையில் வைத்துப் பார்க்கும்போது பலகையை விடச் சின்னதான நண்டை எடுக்கக் கூடாது. வயிற்றுக்குக் கீழே முட்டையோடு பட்ட சினை நண்டை, வலை இழுக்கிற இடத்திலேயே வலைக் கண்ணை அறுத்துக் கடலுக்கு விட வேண்டும். எந்த வள்ளம் எத்தனை விட்டது என்று ஒரு தாளில் எழுத வேண்டும். கடலில் நடக்கிறதை மேர்சி எப்படிக் காண்பது? ஆட்கள் வந்து சொல்லுவார்கள். அவள் எழுதுவாள். ஒன்பது மாசமாய் அப்படித்தான் நடந்து வந்தது.

ஒரு வியாழக்கிழமை, லொறி போன பிறகு, கொம்பனியிலிருந்து றொசாந்தி வந்தாள். கரை கரையாய்ப் போய் இந்தத் தாள்களைப் பார்க்கிறது அவளுடைய வேலை. பல்கலைக்கழகத்தில் கடலைப் பற்றிப் படித்த பிள்ளை. ஸ்கூட்டியை விட்டு இறங்கும்போதே முகம் நிறையச் சிரிப்பு.

"அக்கா, உங்கடை கரைதான் முதலாவது."

"எதிலை பிள்ளை?"

"சினை நண்டு விடுறதிலை. ஒன்பது மாசத் தாளையும் கூட்டிப் பாத்தனாங்கள். மற்ற நாளிலை நாலு, அஞ்சு எண்டு கிடக்கு. திங்கக்கிழமையிலை மட்டும் நாப்பது, நாப்பத்தைஞ்சு. வேறை ஒரு கரையிலையும் இப்பிடி இல்லை."

மேர்சி துவாயை எடுத்து முகத்தைத் துடைத்தாள்.

"வாற திங்கள் படம் எடுக்கிற ஆளோடை வாறன் அக்கா. உங்கடை ஆக்கள் சினை நண்டைக் கடலுக்கை விடுற படம். அது ரின்னிலை ஒட்டுற தாளிலை வரப்போகுது. அதோடை, வருசம் முழுக்க உங்கடை கரையிலை எடுக்கிறதெண்டு எழுத்திலை தரப் போகினம்."

எழுத்திலே தருகிறது என்றால் சின்ன விசயமில்லை. போன வருசம் பக்கத்துக் கரையைக் கொம்பனி நிற்பாட்டி விட்டது. அங்கே இப்போது றோட்டுக்கரை வியாபாரிதான் வாங்குகிறான். அவன் குஞ்சு, சினை, செத்தது என்று ஒன்றும் பார்க்க மாட்டான். எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் அள்ளி, சொன்ன விலையைக் கொடுத்து விட்டுப் போவான். அந்தக் கரைக் கடலில் நண்டு மெலிந்து கொண்டு வருவதாய்க் கேள்வி.

அன்று பின்னேரம் மாதா கெபிக்கு முன்னால் பெண்கள் கூடிச் செபமாலை சொன்னபோது மேர்சியின் குரல் கொஞ்சம் உயர்ந்துதான் கேட்டது. "எங்கடை கரை ரின்னிலை வரப் போகுதாம்" என்று இரண்டு பேருக்குச் சொன்னாள். சொன்ன பிறகு, பெருமை பேசினேனே என்று மனதுக்குள் ஒரு அருள்நிறைந்த மரியே சொல்லிக்கொண்டாள்.

வீட்டுக்கு நடந்து போகும்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. ஏன் திங்கட்கிழமை மட்டும்?

அந்தக் கரையில் ஞாயிற்றுக்கிழமை வள்ளம் இறங்காது. யாரும் எழுதி வைத்த சட்டமில்லை, ஆனால் மீறினவனும் இல்லை. முந்தி, சனிக்கிழமை விடிய இழுத்த வலை கரையில் காயும். திங்கள் பின்னேரம்தான் திரும்ப இறங்கும். மண்ணெண்ணெய் கிடைக்காமல் எல்லாரும் வரிசையில் நின்ற வருசம்தான் அது மாறினது. சனி பின்னேரம் வலையை இறக்கி விட்டு வந்தால் திங்கள் விடியப் போய் இழுக்கலாம் என்று ஒருவர் கண்டுபிடித்தார். ஆட்கள் ஞாயிறு ஓய்ந்திருப்பார்கள், பூசை காண்பார்கள். வலை கடலிலே பாடுபட்டுக்கொண்டிருக்கும். மண்ணெண்ணெய் வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. திங்கட்கிழமையும் கொஞ்ச நண்டு கிடைக்கிறது லாபம்தானே.

இரண்டு இரவு கிடந்த வலை. மேர்சிக்கு அது தெரியும். திங்கட்கிழமை நண்டில் பாதியைச் செத்தது என்று ஒதுக்குகிறவளும் அவள்தான். நாற்பது சினை நண்டு விட்டது என்று எழுதுகிறவளும் அவள்தான். ஒதுக்கின கையும் எழுதின கையும் ஒன்றென்றாலும், இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒன்பது மாசமாய் அவளுக்கு ஓடவில்லை.

செபநாயகம் முற்றத்தில் வலைக்கு ஈயம் கட்டிக்கொண்டிருந்தார். மேர்சி தேத்தண்ணியைப் பக்கத்தில் வைத்து விட்டு நின்றாள்.

"இஞ்சருங்கோ, திங்கக்கிழமை விடுற சினை நண்டு உயிரோடையோ கிடக்கும்?"

"ஒண்டு ரெண்டு கிடக்கும்."

"மிச்சம்?"

"ரெண்டு ராக் கிடந்த வலை மேர்சி. மிச்சம் செத்துத்தான் கிடக்கும். ஏன்?"

"செத்ததையோ விட்டதெண்டு எனக்குச் சொன்னனியள்?"

"கடலுக்கைதானே போட்டனாங்கள். ஒண்டையும் கரைக்குக் கொண்டு வரேல்லை. தாய் செத்தாலும் முட்டை தண்ணிக்கை கிடந்து பொரிக்கும் தானே." அவர் தேத்தண்ணியை எடுத்து ஊதினார். "மீன் முட்டை பொரிக்கேல்லையோ?"

அவர் பொய் சொல்லவில்லை. முப்பது வருசம் கடலில் நின்ற மனிசன் அப்படித்தான் நம்பியிருந்தார். பதினொரு வள்ளமும் அப்படித்தான் நம்பியிருந்தது.

"அது பொரிக்காது," என்றாள் மேர்சி. "நண்டு, முட்டையைத் தன்ரை வயித்துக்குக் கீழை வைச்சு நெடுக அசைச்சு அசைச்சுக் கழுவிக்கொண்டிருக்க வேணும். தாய் செத்தால் ரெண்டு நாளிலை அவ்வளவும் பழுதாப் போம்."

"உதை ஆர் சொன்னது?"

"சங்கத்து மண்டபத்திலை றொசாந்திப் பிள்ளை படம் போட்டுக் காட்டினதெல்லே. நீங்களும்தான் வந்தியள். சுவரோடை சாஞ்சு நல்ல நித்திரை."

செபநாயகம் சிரிக்கவில்லை. கையில் இருந்த ஈயக் குண்டைக் கீழே வைத்தார். பிறகு, "அப்ப அவ்வளவும் போச்சோ?" என்று கேட்டார்.

"போச்சுது."

வெள்ளிக்கிழமை நண்டு நிறுத்து முடிந்த பிறகு மேர்சி இதைக் கரையில் சொன்னாள். லெனாட் அண்ணைக்குத்தான் முதலில் கோபம் வந்தது. அறுபது வயது தாண்டினவர், கோயில் திருநாளில் கொடி ஏற்றுகிறபோது கயிற்றைப் பிடிக்கிறவர்.

"நாங்கள் என்ன களவெடுத்தனாங்களோ?"

"ஆரும் களவெண்டு சொல்லேல்லை லெனாட் அண்ணை. தெரியாமல் நடந்தது."

"தெரியாமல் நடந்ததை ஏன் இப்ப தெரியப்படுத்திறாய்? அந்தப் பிள்ளையும் சந்தோசமாப் போனவள். கொம்பனியும் சந்தோசம். வாற கிழமை தொடக்கம் திருத்துவம்."

கொலின்ஸ் வலையில் மாட்டின பாசியைப் பிடுங்கிக்கொண்டு நின்றான். முப்பது வயதுக்காரன், வாய் சும்மா கிடக்காது. "அண்ணை சொல்லுறதும் சரிதான் அக்கா. நாளைக்கு விடிய இழுக்கிற வலையிலை அஞ்சாறு சினை நண்டு உயிரோடை படும். ஒரு பறியிலை போட்டுத் தண்ணிக்கை கட்டி வைப்பம். திங்கள் படம் எடுக்கிற ஆள் வரேக்கை, ஒவ்வொண்டா எடுத்து அழகா விடுவம். நான் வேணுமெண்டால் தலைக்கு எண்ணெய் வைச்சுக்கொண்டு வாறன்."

எல்லாரும் சிரித்தார்கள். மேர்சிக்கும் சிரிப்பு வந்தது.

"விடுறது உண்மை தானே அக்கா," என்றான் கொலின்ஸ். "படத்திலை ஒரு பொய்யும் இராது."

அதுதான் அவளை ஆட்டினது. வீட்டுக்குப் போய் மீனை வெட்டும்போதும் அதுவே ஓடியது. படத்தில் பொய் இராது. கரை தப்பும். பதினொரு குடும்பத்துக்கும் வருசம் முழுக்க நல்ல விலை. சொன்னால் கொம்பனி கரையை நிற்பாட்டினாலும் நிற்பாட்டும். அப்படி நடந்தால் இந்தக் கரைக்கும் றோட்டுக்கரை வியாபாரிதான். அவன் வந்தால் குஞ்சும் போகும், சினையும் போகும். தன்னுடைய வேலையும் போகும். சொல்லாமல் விடுகிறது நண்டுக்கும் நல்லதுதானே என்று கூட நினைத்தாள். நினைத்து விட்டு, தன்னுடைய நினைப்பு இவ்வளவு வடிவாய் வளைந்து வருகிறதே என்று பயந்தாள்.

சனிக்கிழமை விடிய, லொறி போன கையோடு வாடிக்குள் கதிரையில் இருந்துகொண்டு செபமாலையை வெளியில் எடுத்தாள். முதலாம் பத்து முடிந்ததா முடியவில்லையா என்று மறந்து போனது. திரும்பத் தொடங்கினாள். திரும்பவும் மறந்தது. மூன்றாம் தரம் மணியை விட்டு விட்டுப் போனை எடுத்தாள். வள்ளங்கள் சனி வலை இறக்கப் போக முதல் சொல்லி விட வேண்டும் என்று மட்டும் மனதில் தெளிவாய் இருந்தது.

"பிள்ளை, நான் மேர்சி. திங்கக்கிழமைத் தாளிலை நான் எழுதினது பிழை."

மற்றப் பக்கத்தில் வாகனச் சத்தம். "என்ன பிழை அக்கா?"

மேர்சி எல்லாவற்றையும் சொன்னாள். சனிக்கிழமை வலை, இரண்டு இரவு, செத்த சினை நண்டு, பொரிக்கும் என்ற நம்பிக்கை. யாருடைய பேரையும் எடுக்கவில்லை.

"எவ்வளவு காலமா அக்கா?"

"தாள் துவங்கின நாள் தொடக்கம்."

"ஐயோ அக்கா. நான் அதை மேலை அனுப்பிப் போட்டன். என்ரை பேரைப் போட்டு அனுப்பினனான்."

"தெரியும் பிள்ளை. அதுதான் எடுத்தனான்."

"திங்கள் நான் வாறன். படக்காரர் வரமாட்டார்."

போனை வைத்த பிறகு மேர்சி கரையில் நின்றவர்களுக்கு வெளிப்படையாய்ச் சொன்னாள், கொம்பனிக்குச் சொல்லி விட்டேன் என்று. பத்து வள்ளம் அன்று பின்னேரமும் வழக்கம் போல வலையை ஏற்றிக்கொண்டு போனது. செபநாயகம் மட்டும் போகவில்லை. வலையை முற்றத்து வேலியில் விரித்துப் போட்டு விட்டு, மேல் கழுவிக்கொண்டு பின்னேரப் பூசைக்குப் போய் விட்டார்.

ஞாயிறு காலைப் பூசை முடிந்து கோயில் வளவில் வேப்பமரத்துக்குக் கீழே ஆட்கள் நின்றார்கள். மேர்சி மெழுகுதிரி கொளுத்தி விட்டு வெளியில் வந்தபோது லெனாட் அண்ணை செபநாயகத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"உன்ரை மனிசியை நீ ஒரு சொல்லுச் சொல்லி மறிச்சிருக்கலாம்."

"நீங்கள் சொல்லிப் பாருங்கோ அண்ணை. நான் இருவத்தாறு வருசம் சொல்லிப் பாத்திட்டன்."

சிரித்தவர்கள் சிரித்தார்கள். லெனாட் அண்ணையின் முகம் மாறவில்லை.

"பகிடி விடாதை செபநாயகம். எங்கடை அப்பு காலம் தொடக்கம் ஞாயிறு கடலுக்குப் போகாத கரை இது. சனி வலையையும் விடெண்டால் திங்கள் நண்டு இல்லை. திங்கள் நண்டு வேணுமெண்டால் ஞாயிறு கடலுக்குப் போக வேணும். கொம்பனி எங்களை ஞாயிறை விடச் சொல்லுது, அவ்வளவுதான்."

"ஆரும் ஞாயிறை விடச் சொல்லேல்லை அண்ணை," என்றாள் மேர்சி.

"அப்ப எப்பிடி?"

அப்போது பூசை வைத்த பங்குச் சுவாமி படிகளில் இறங்கி வந்தார். கொலின்ஸ் அவரை மறித்தான்.

"சுவாமி, ஒரு சந்தேகம். சனி பின்னேரம் பூசை கண்டால் ஞாயிறுக் கடன் தீர்ந்ததெண்டு நீங்கள் தானே சொன்னியள்?"

"ஓம், சொன்னனான்."

"அப்ப ஞாயிறு சனி பின்னேரமே துவங்கீட்டுது. சனி பின்னேரம் துவங்கினால் ஞாயிறு பொழுதுபட முடியத்தானே வேணும்? பொழுதுபட்டாப் பிறகு வலை இறக்கினால் விடிய இழுக்கலாம். ஒரு ராத்தான்."

சுவாமி கொலின்ஸைப் பார்த்தார். "உந்த மூளையை நீ மறைக்கல்வி வகுப்பிலை காட்டியிருக்கலாம்."

"அப்ப வகுப்பிலை நண்டைப் பற்றி ஒண்டும் கேக்கேல்லையே சுவாமி."

"உதுக்குச் சட்டம் மேற்றிராணியாரைத்தான் கேக்க வேணும்," என்று சுவாமி சிரித்துக்கொண்டே போனார். "நான் பொழுதுபடக் கரையிலை வந்து நிண்டு ஆரையும் பிடிக்க மாட்டன். அவ்வளவுதான் சொல்லுவன்."

லெனாட் அண்ணை சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். போகிறபோது, "விட்ட நண்டை எண்ணத்தானே உனக்கு ஆசை? நாளைக்கு எண்ணு" என்று மேர்சிக்குச் சொல்லி விட்டுப் போனார். அது என்ன பேச்சு என்று அவளுக்கு விளங்கவில்லை.

திங்கள் விடிய றொசாந்தி ஆறு மணிக்கே வந்து விட்டாள். தனியத்தான் வந்தாள். மேர்சியைக் கண்டு சிரிக்கவில்லை, முகத்தைத் திருப்பவுமில்லை. "விடியச் சாப்பிட்டியளோ அக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

முதலாவதாய் வந்தது லெனாட் அண்ணையின் வள்ளம். அவர் வலையை இறக்கவில்லை. ஒரு நீலப் பிளாஸ்ரிக் பேசினைத் தூக்கிக்கொண்டு வந்து, வாடிச் சீமெந்தில், மேர்சியின் காலடியில் கவிழ்த்தார்.

"இந்தா. ஒண்டையும் கடலிலை எறியேல்லை. எண்ணி எழுது."

சினை நண்டுகள். அவ்வளவும் செத்தது. கால்கள் தொங்கிக்கொண்டு, மல்லாக்காய். வயிற்று மூடியை விலக்கிக்கொண்டு முட்டை பொத்திப் பொத்தியாய்த் தள்ளி நின்றது. செம்மஞ்சளாய் இருக்க வேண்டிய முட்டை சாம்பலாய்ப் போயிருந்தது. வாடை எழும்பினது.

அடுத்த வள்ளக்காரரும் அதையே செய்தார்கள். லெனாட் அண்ணை கடலிலே வைத்து எல்லாருக்கும் சொல்லியிருக்கிறார். இவளுக்குக் காட்ட வேண்டும் என்று. ஒவ்வொரு பேசினாய், ஒவ்வொரு வாளியாய் வந்து கவிழ்ந்தது. பத்து வள்ளத்து நண்டும் சேர, சீமெந்தில் கணுக்கால் மூடுகிற அளவுக்கு ஒரு குவியல்.

மேர்சி குனிந்து எண்ணத் தொடங்கினாள். ஒரு நண்டின் முட்டைப் பொதி அவளுடைய கை பட்டுக் கழன்று சிதறினது. ஒரு முட்டை மணலை விடச் சின்னது. எத்தனை ஆயிரம் என்று யாரால் சொல்ல முடியும். பதினேழு, பதினெட்டு என்று எண்ணினவள் நிமிர்ந்து பார்த்தாள்.

எல்லாரும் வட்டமாய் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடலில் வலை இழுக்கும்போது ஒன்று ஒன்றாய்த்தான் கையில் வரும். பிடுங்கி எறிந்தால் தண்ணி மூடி விடும். அடுத்ததுக்குக் கை போய் விடும். ஒன்பது மாசமாய் எறிந்தும், ஒருவரும் அதைக் குவியலாய்க் கண்டதில்லை.

லெனாட் அண்ணை பேசினைக் கையில் பிடித்தபடியே நின்றார். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"இது ஒரு திங்கக்கிழமையிலை," என்றார் மெல்ல. யாருக்கும் சொல்லவில்லை.

"நாப்பத்தொண்டு," என்றாள் மேர்சி எண்ணி முடித்து. "உயிரோடை எத்தினை விட்டனீங்கள்?"

"நான் ரெண்டு," என்றார் லெனாட் அண்ணை. மற்றவர்களும் சொன்னார்கள். எல்லாம் சேர ஐந்து.

றொசாந்தி படம் எடுக்கவில்லை. போனைப் பைக்குள் வைத்து விட்டுக் குவியலுக்குப் பக்கத்தில் குந்தி இருந்தாள். "நானும் கேட்டிருக்க வேணும் அக்கா," என்றாள். "ஏன் திங்கள் மட்டும் எண்டு. இலக்கம் நல்லா இருந்தது, நான் கேக்கேல்லை."

பிறகு எழும்பி எல்லாரும் கேட்கச் சொன்னாள். கொம்பனி என்ன செய்யும் என்று தனக்குத் தெரியாது. தான் கண்டதைக் கண்டபடி எழுதுவாள். கரைக்காரர் தாங்களே சொன்னார்கள் என்றும் எழுதுவாள். முந்தின திங்கட்கிழமைகளின் தாளை மேர்சி திருத்தித் தர வேண்டும்.

"எத்தினையெண்டு திருத்துறது பிள்ளை?" என்றாள் மேர்சி. "உயிரோடை போனது எத்தினை, செத்துப் போனது எத்தினை எண்டு இனி ஆருக்குத் தெரியும்?"

"ஒரு பத்தெண்டு போடுவம் அக்கா. கிட்டத்தட்ட."

"கிட்டத்தட்ட எழுதித்தானே இதிலை வந்து நிக்கிறம். தெரியாதெண்டு எழுதட்டோ?"

றொசாந்தி தாளைப் பார்த்தாள், மேர்சியைப் பார்த்தாள். "எழுதுங்கோ," என்றாள்.

மேர்சி ஐஸ் பெட்டி மூடியில் தாள்களை வைத்து, முப்பத்தெட்டுத் திங்கட்கிழமைக்கும் பழைய இலக்கத்தை ஒரு கோட்டால் வெட்டி, பக்கத்தில் 'தெரியாது' என்று எழுதினாள். அவளுடைய எழுத்துப் பெரிய எழுத்து. கட்டத்துக்குள் அடங்கவில்லை. அவள் எழுதி முடிக்கிற வரை லெனாட் அண்ணையும் கொலின்ஸும் பனை அடியில் கிடங்கு வெட்டி அந்தக் குவியலைப் புதைத்தார்கள். மற்றவர்கள் சீமெந்தைக் கழுவினார்கள்.

பதினாறு நாள் கழித்துத்தான் கொம்பனியின் கடிதம் வந்தது. அந்தப் பதினாறு நாளும் மேர்சி ஒவ்வொரு விடியலும் லொறிச் சத்தம் கேட்கிற வரை மனம் பதைத்துக்கொண்டுதான் நின்றாள். றொசாந்தி கடிதத்தைக் கையில் கொண்டு வந்து வாசித்துக் காட்டினாள். வருசத்துக்கு எழுதித் தருகிற பேச்சு இப்போதைக்கு இல்லை. ரின் தாளில் வருகிற படமும் இந்தக் கரையில் எடுக்கிறதில்லை. கரையை நிற்பாட்டவில்லை. ஆறு மாசம் கவனித்துப் பார்ப்பார்கள். இரண்டு இரவு கிடந்த வலை நண்டு எந்த நாளிலும் எடுக்கப்பட மாட்டாது.

"அப்ப வியாபாரி வரமாட்டான்," என்றார் செபநாயகம்.

"ஆறு மாசத்துக்கு வரமாட்டான்," என்றாள் மேர்சி.

அந்தக் கிழமை ஞாயிறு, பொழுதுபட்டு, கோயிலில் திரிகாலச் செப மணி அடித்து ஓய்ந்த பிறகு, ஏழு வள்ளம் வலையோடு இறங்கினது. செபநாயகமும் போனார். நாலு வள்ளம் இறங்கவில்லை. லெனாட் அண்ணை, மேற்றிராணியார் வந்து சொன்னாலும் தான் ஞாயிறு தண்ணியில் கால் வைக்கிறதில்லை என்று சொல்லி விட்டார். சனி வலையும் இறக்கவில்லை. அவருக்குத் திங்கட்கிழமை இனி வலை பொத்துகிற நாள். அதற்காக அவர் கரைக்கு வராமல் இருப்பாரா? அந்தத் திங்கள் விடியவே வாடிக்கு முன்னால் நிழலில் வலையை விரித்து வைத்துக்கொண்டு, வருகிற வள்ளங்களுக்கு நொட்டை சொல்லிக்கொண்டிருந்தார்.

மேர்சி தாளை வைத்துக்கொண்டு நின்றாள். இப்போது அவள் கேட்கிற கேள்வி ஒன்று கூடியிருக்கிறது. எத்தனை என்று கேட்ட பிறகு, அதையும் கேட்பாள். கேட்காமல் பேனையைத் திறக்க மாட்டாள்.

கொலின்ஸின் வள்ளம் கரை தட்டினது.

"சினை எத்தினை தம்பி?"

"மூண்டு அக்கா."

"உயிரோடையோ?"

"மூண்டும் நல்ல சுகம். உங்களைக் கேட்டதெண்டு சொல்லச் சொன்னவை."

லெனாட் அண்ணை வலையில் இருந்து தலையை நிமிர்த்தவில்லை. "ஊர் பேர் என்னெண்டும் விசாரியன் மேர்சி," என்றார்.

மேர்சி சிரித்துக்கொண்டே மூன்று என்று எழுதினாள். "தம்பி, வள்ளத்தை அங்காலை தள்ளு. பின்னாலை ஆள் நிக்குது."